நீ பேசிய மாளிகையில் நாளைக்கு நான்

கவர்னர் துரை வடம் பிடிக்கிற வில்லியனூர்த் தேரைப் பார்க்க என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போன அண்ணாவுக்கு,

நீ போய் இன்னும் தலைத்திவசம் வரவில்லை. நீ இருந்தபோது உன்னோடு பேச்சை நிறுத்தியவள், இப்போது எழுதுகிறேன். எதிர்ப்பேச்சு பேச முடியாத இடத்துக்குப் போய்விட்டாய், அந்தத் தைரியம்தான்.

பாகூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு அண்ணியும் நானும் புதுச்சேரிக்கு வந்திருக்கிறோம். கோர்ட்டு நடக்கிற அந்த மாளிகையை இன்று போய்ப் பார்த்தோம். நாளைக்கு அங்கே நான் சாட்சி சொல்ல வேண்டும். முன்னே பின்னே பார்க்காத இடம், ஒருமுறை பார்த்துவிட்டால் மிரள மாட்டீர்கள் என்று அண்ணியின் வக்கீல்தான் அனுப்பினார்.

யாரோ ஒரு துரை குடியிருக்கக் கட்டியதாம், பிறகு கோர்ட்டாகிவிட்டது. தூணைக் கட்டிப்பிடிக்க ஓர் ஆளின் கை போதாது. உத்தரமெல்லாம் கப்பலில் வந்த தேக்கு. சுவர்ப்பூச்சு மட்டும் நம் பாகூர்ப் பக்கத்துக் கொத்தனார்கள் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது என்று வாசலில் நின்ற சேவகர் சொன்னார். கை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று சில்லென்றிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

என் கல்யாணத்தில் அப்பா எனக்கு மஞ்சள்காணி கொடுத்தாரே, ஏரி வாய்க்காலை ஒட்டிய துண்டு. அந்தக் கழனி மண்ணை என் உள்ளங்கையில் வைத்து, அதன்மேல் நீர் வார்த்துக் கொடுத்தார். செம்பை எடுத்து அவர் கையில் தந்தவன் நீ. எழுதிக் கொடுத்துவிடலாமே என்று என் மாமனார் கேட்டதற்கு அப்பாவுக்கு வந்த கோபம் நினைவிருக்கிறதா?

"பொண்ணுக்குக் குடுத்தத பத்திரத்துல எழுதுவாங்களா? அப்பறம் எங்க பேச்சுக்கு இன்னாயா மருவாதி?"

எழுதிக் கேட்டால் பிறந்த வீட்டைச் சந்தேகப்பட்டதாகிவிடும். நம் பக்கத்தில் எந்தப் பெண் கேட்டிருக்கிறாள்? நானும் கேட்கவில்லை.

அப்பா போய், என் வீட்டுக்காரரும் போன பிறகு, அந்தத் துண்டில் நீ கரும்பு நட்டாய். என் கொழுந்தனார் எனக்காக வழக்குப் போட்டார். குடும்பத்துப் பெண் கோர்ட்டுப் படி ஏறக்கூடாது என்று என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். நீர் வார்த்ததைப் பார்த்தாயா என்று ஜட்ஜு துரை உன்னைக் கேட்டார். "நான் பாக்கல" என்றாய். அத்தோடு என் காணி போயிற்று. நான் எதிரே நின்றிருந்தால் அதைச் சொல்லியிருப்பாயா?

இத்தனை நாளும் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வந்தேன். பயந்திருப்பாய், யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள், வீட்டுக்கு வந்து அழுதிருப்பாய் என்று. இன்று அந்தக் கூடத்தில் நின்றபோது வாய் பொறுக்காமல் அண்ணியிடம் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து அண்ணா இன்னா சொல்லுச்சி?"

அண்ணி தயங்கினார். "இன்னாத்த சொல்றது போ. தூணு இம்மாம் ஒசரம், செவுத்துல மூஞ்சி தெரியுதுன்னு சோறு துன்றப்பவும் அதையே பேசிக்கினு இருந்தாரு. வந்தவங்க போனவங்களாண்டல்லாம் சொன்னாரு."

"என்னப் பத்தி?"

"ஒண்ணியும் சொல்லல கண்ணு."

அவ்வளவுதானா அண்ணா? கூடப் பிறந்தவளை அறுத்துவிட்டுவிட்டு, தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாயா? பயத்தில் சொன்ன பொய்யாக இருந்தால் என்றைக்காவது மனசு ஆறியிருக்கும். இது ஆறாது.

இங்கே நடப்பதைக் கேள். நீயும் தானும் பாகம் பிரியவே இல்லை என்று சித்தப்பா மகன் வழக்குப் போட்டிருக்கிறான். பிள்ளையில்லாத அண்ணிக்குச் சோறும் துணியும் போதுமாம், வீடும் நிலமும் அவனுக்காம். நீ தனி அடுப்பு மூட்டியதையும், அண்டா குண்டான்வரை பங்கு போட்டதையும் பார்த்தவர்களில் மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். இதற்கும் எழுத்து கிடையாது. நம் வீட்டில் எதற்குத்தான் இருந்தது?

பார்த்தேன் என்று நான் சொன்னால் எல்லாம் அண்ணிக்கு. என் மஞ்சள்காணியும் அதற்குள்தான் போகும். பார்க்கவில்லை என்று சொன்னால் அண்ணிக்குத் தெருதான்.

திரும்பி வரும்போது அண்ணி தலை குனிந்தபடியே சொன்னார். "உனுக்கு நாங்க பண்ணதுக்கு, நாளைக்கு நீ வரலன்னாலும் நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உன்னிடம் சொல்கிறேன், கேட்டுக்கொள். பார்த்ததைப் பார்த்தேன் என்றுதான் நாளைக்குச் சொல்வேன். உனக்காக இல்லை. உன் பேர் நிற்க வேண்டும் என்றும் இல்லை. அண்ணி தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான்.

அதில் எனக்குக் கஷ்டமே கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி உண்டாம், அதைத்தான் முதலில் கேட்பார்களாம். செத்துப்போனவர் உனக்கு என்ன உறவு? மாளிகையை விட்டு வந்ததிலிருந்து அந்த ஒரு பதிலைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், வாயில் வரமாட்டேன் என்கிறது. நாளைக்கு எப்படியும் சொல்லிவிடுவேன். இன்று எழுதியாவது பார்க்கிறேன்.

உன் கூடப் பிறந்த தங்கை,
செங்கமலம்