கரையாத பிள்ளையார்

மணலூர்பேட்டை
30.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் சொல்லலாமென்றால் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அம்மா என்ன செய்தார் தெரியுமா? நம் மும்பைப் பிள்ளையாரை ஆற்றில் கரைத்துவிட்டார்! கல்யாணமான வருஷம் தாராவியில் வாங்கி, கரைப்பதற்காக மழையில் தாதர் கடற்கரை வரை தூக்கிப்போய், மனசு வராமல் திரும்பத் தூக்கிவந்தோமே, அதே பிள்ளையார். பெட்டியில் என் பழைய புடவைக்குள் சுற்றி வைத்திருந்தேன். இந்தச் சதுர்த்திக்கு வாங்கியதோடு அதையும் சேர்த்து எடுத்துப்போயிருக்கிறார். கேட்டால், "மண்ணு புள்ளயார கரைக்காம வூட்ல வெச்சிக்கினு இருந்தா ஆவாதுடி. அதான் குடும்பம் ரெண்டா கெடக்குது" என்கிறார்.

எனக்கு வயிறு எரிகிறது மாமா. அதன் காதோரம் கொஞ்சம் தாதர் மணல் ஒட்டியிருந்தது. தொட்டால் போதும், அந்த ஊரே கண்முன் வந்து நிற்கும். நம் மாடி அறை, கீழே தையல் மெஷின் சத்தம், விடியலில் இட்லிக்காரர்களின் கூவல், ஒழுகும் தகரம். ஒழுகினாலும் அது நம் வீடு.

இன்னொன்று. கால் முறிந்த அம்மாவுக்குத் துணையாக இரு என்றுதானே என்னை இங்கே விட்டுப்போனீர்கள்? அந்தக் கால்தான் பிள்ளையாரோடு பெண்ணையாற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருக்கிறது. என்னை எப்போது அழைத்துப்போகிறீர்கள்? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

கோபம் தீராத,
செவ்வந்தி


மும்பை
14.9.2025

அன்புள்ள செவ்வந்திக்கு,

ஒரு மண் பிள்ளையாருக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? பட்டறையில் நாளெல்லாம் தோல் பைக்கு வார் தைத்து முதுகு விட்டுப்போய் அறைக்கு வந்தால், உன் கடிதம். கரைக்க வேண்டியதை அம்மா கரைத்தார். இதில் என்ன தப்பு?

எங்கள் பட்டறை ஆதிமூலம் ஊருக்கு வருகிறார். அவரிடம் வேறொரு பிள்ளையார் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இது மண் இல்லை, கடலில் போட்டாலும் கரையாது. அம்மாவும் கைவைக்க மாட்டார். அங்கேயே மாடத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்.

அழைத்துப்போவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே இன்னும் மழை விடவில்லை. பார்ப்போம்.

அன்புடன்,
வீரமணி


மணலூர்பேட்டை
25.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பிள்ளையார் பத்திரமாக வந்து சேர்ந்தார். பளபளவென்று இருக்கிறார்.

உங்கள் கடிதத்தை அத்தைக்கும் படித்துக் காட்டினேன். 'நிரந்தரமாக' என்ற சொல்லை இரண்டு முறை படித்தேன். மழை விடவில்லையாம்! அந்த மழையில்தானே நாம் குடித்தனம் நடத்தினோம்? அதற்கு மேல் படிக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

அத்தை பிள்ளையாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். "கரையாத புள்ளயாரா அனுப்பிக்கிறான்? உன்ன இங்கியே குந்த வெக்கப் பாக்குறான்டி. எனக்கு இன்னா, நல்லாதான் நடக்குறேன். நீ கெளம்பு" என்றார். என்னைவிட அவருக்குத்தான் கோபம் ஜாஸ்தி. மறுநாள் காலையில் அவரே என்னைச் சின்னசேலம் அழைத்துப்போய் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

சேலத்தில் ஏறி, அடுத்த வாரம் வந்து இறங்குகிறேன். நாளும் நேரமும் போனில் அத்தையே சொல்வார், அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு வாருங்கள். வராவிட்டாலும் எனக்கு வழி தெரியும்.

பழைய புடவையின் மடிப்பில் கொஞ்சம் மணல் மிஞ்சியிருந்தது. அதைத் தாதரிலேயே உதறிக்கொள்கிறேன்.

நீங்கள் அனுப்பியவரை மாடத்தில் வைத்தாயிற்று. அத்தைக்குத் துணையாக அவர் இங்கேயே இருப்பார்.

உங்கள்
செவ்வந்தி