இரண்டு கையாலும் வாங்குங்கள்

பெனோ அப்பா,

பெனோவைக் கூட்டிக்கொண்டு ஃபாதரைப் பார்க்கக் கோவிலுக்கு ஓடுகிறேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. சீட்டைக் கேட்டிலேயே செருகியிருக்கிறேன், படித்துவிட்டு உள்ளே போங்கள்.

வாசற்படியில் மாதா சுரூபம் நிற்கிறது. சனிக்கிழமைதோறும் வீடு மாறுகிற நம் தெரு அன்பியத்து ஜெபக் கூட்டத்துச் சுரூபம்தான். போன வாரம் பக்கத்து வீட்டு லூர்தம்மா அக்கா தூக்கி வந்தபோது, சாக்கடைத் தகராறை மனதில் வைத்து, "அவ கையால வாரதை நான் வாங்க மாட்டேன்" என்று கதவைச் சாத்தினீர்களே, அதே சுரூபம். "நீங்க வாங்குத வரைக்கும் இங்கனயே நிப்பேன் தம்பி" என்று இருட்டும்வரை நின்றுவிட்டுத்தான் அக்கா திரும்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை அவர்களை அடக்கம் செய்தோம். சுரூபத்தை உள்ளே வைத்தே வீட்டைப் பூட்டிவிட்டு, மகன் சாவியோடு திருப்பூர் போய்விட்டான். இப்போதும் போய்ப் பார்த்தேன், பூட்டு அப்படியே தொங்குகிறது.

நம் படியில் கரிசல் மண் ஒட்டிய காலடி. வந்த தடம் இருக்கிறது, போன தடம் இல்லை.

பெனோகூடத் தூக்கிவிடுகிற சுரூபம், என்னால் அசைக்க முடியவில்லை. எதிரே யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கும்வரை கொண்டுவந்தவர் விடக்கூடாது என்பதுதானே நம் வழக்கம்.

சண்டை உங்களுடையது. நீங்களே வாங்குங்கள். பின்வாசல் வழியாக நழுவ வேண்டாம்.

ஜெயா

பி.கு.: வாங்கியதும் காபி போடுங்கள், இரண்டு டம்ளர். அக்காவுக்குச் சர்க்கரை ஆகாது.