அவிழ்க்கக் கூடாத கட்டு

கழுவிக் கொடியில் போட்ட, காயத்துக்குக் கட்டும் பட்டை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டும் இரத்த வாடை போகவில்லை. நீ இருந்திருந்தால், "இத ஊட்டுக்கு ஏன் மாப்ள கொண்டாந்த?" என்று திட்டியிருப்பாய்.

டிரைவர்களுக்கு நடந்த முதலுதவி வகுப்பில் கற்ற, இரத்தத்தை நிறுத்தும் கட்டை முதலில் உன் தொடையில்தான் செய்து பார்த்தேன். துண்டைச் சுற்றி, குச்சியைச் செருகி முறுக்கினேன். "உசுரோட இருக்கறப்பவே காலக் கட்டுறியா?" என்று சிரித்தாய். நம் பக்கத்தில் பிணத்துக்குத்தானே கால் கட்டுவார்கள்.

அடுத்த மிளகுப் பறிப்பில் ஏணி சரிந்து, இடுப்பில் செருகியிருந்த அரிவாள் உன் தொடையைப் பிளந்துவிட்டது. காயத்துக்கு மேலே துண்டைக் கட்டி, இரத்தம் நிற்கும்வரை முறுக்கினேன். வலியில் துடித்தாய். ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுக்காத மாப்ள" என்றாய். ஆஸ்பத்திரி சேரும்வரை யாரும் தொடக்கூடாது என்று கூடப் பறித்துக்கொண்டிருந்த உன் மாமாவிடம் சொல்லிவிட்டு, உன்னைத் தூக்கிப்போகக் கட்டில் எடுத்துவர ஊருக்குள் ஓடினேன். திரும்பி வந்தபோது துண்டு தரையில் கிடந்தது. "கால் கறுத்துப்போச்சு சாமி. உசுரோட இருக்கறவனுக்கு எதுக்குக் கட்டுன்னு அவுத்துட்டேன்" என்று அழுதார். உன் உயிர் போய்விட்டிருந்தது. அவர் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

நேற்று மத்தியானம் நம் மலையிலேயே குண்டூர் நாட்டுப் பக்கம் மூட்டை ஏற்றப் போயிருந்தேன். கீழே காட்டில் மரவள்ளி வெட்டிய பெண்ணின் தொடையில் அரிவாள் பாய்ந்துவிட்டது. ஜீப்பில் எப்போதும் வைத்திருக்கும் பட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கட்டினேன், முறுக்கினேன், இரத்தம் நின்றது. அது ஜீப் இறங்காத சரிவு. கட்டைத் தொடாதே என்று சொல்லி அவள் புருஷனை மட்டும் பக்கத்தில் விட்டு, மறுபடியும் கட்டிலுக்கு ஓடினேன்.

திரும்பி வரும்போது அவன் கை முறுக்குக் குச்சியின் மேல் இருந்தது. நான் கத்துவதற்குள், மயங்கிக் கிடந்தவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அவுக்காத மாப்ள."

எந்தப் பெண் புருஷனை மாப்ள என்பாள்? அவன் மிரண்டு கையை எடுத்துவிட்டான். இலை அசையவில்லை. என் கையை மட்டும் யாரோ இறுகப் பிடித்திருந்த மாதிரி இருந்தது.

இன்று காலை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். பிழைத்துவிட்டாள். கேட்டதற்கு, "நான் ஒண்ணும் பேசலீங்களே" என்றாள்.

பயமாக இருக்கிறதடா. அதைவிடச் சந்தோஷமாக இருக்கிறது. பட்டை காய்ந்ததும் பழையபடி ஜீப்பில் வைத்துவிடுவேன். இனியும் கட்டில் எடுக்க நான்தான் ஓட வேண்டியிருக்கும். நான் வரும்வரை கட்டுக்குக் காவலாக நீ அங்கேயே உட்கார்ந்திரு.