ரொக்கமா, போனிலா?

என்னங்க,

கல்யாணம் ஆனதிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிடுகிறேன். கடிதம் என்பதற்காகப் பெயரை எழுதி அதற்கு முன்னால் ஓர் ‘அன்புள்ள’ போட்டால் வேறு யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது. அதனால் இதுவே இருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம் என்ற வரியை முதலில் எழுத வேண்டும் என்று தெரியும். அதை எழுத முடியுமா என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கூட வேலை பார்க்கும் வெல்டர் லீவு முடிந்து அங்கே கிளம்புகிறாராம். அவர் மனைவி நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்குத் துணி வாங்க வந்தபோது சொன்னார். ஒரு கவர் கொடுத்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பாரா என்று கேட்டேன். தின்பதற்கு எதுவும் கொடுத்துவிடவில்லையா, வெறும் கவர்தானா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெறும் கவர்தான். இதையும் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், இஸ்திரி மேஜையின் ஓரத்தில், முதலாளி சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில். வீட்டில் பேனாவை எடுத்தால் உங்கள் அப்பா என்ன எழுதுகிறாய் என்று கேட்பார். உங்களுக்குத்தான் என்றால் வாசித்துக் காட்டு என்பார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் நீங்கள் ஒரு விஷயம் கேட்டிருந்தீர்கள், அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பேசும்போது சொன்னீர்களே, சேகரிப்பாளர் கண்காட்சிக்குப் போனால் பணமாக எடுத்துக்கொண்டு போ, கடைக்குக் கடை போனில் கட்டாதே என்று. ஒவ்வொரு தடவையும் பேங்க் மெசேஜ் வந்து போன் கத்துகிறது, ஆஸ்பத்திரிக்குக் கட்டினாயோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றீர்கள். நான் “சரி” என்று மட்டும் சொன்னேன். ஏன் இவ்வளவு மொட்டையாகப் பேசுகிறாய், ஒரு வருஷமாகவே இப்படித்தான் இருக்கிறாய் என்று கேட்டீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, மாமா பக்கத்தில் படுத்திருந்தார். உங்கள் பக்கம் அறையில் எட்டுப் பேர். நாம் எப்போது மனம் விட்டுப் பேசியிருக்கிறோம், இன்றைக்குப் பேச?

கண்காட்சிக்குப் போனேன். எதிர்வீட்டு டீச்சர் மாமாவைப் பார்த்துக்கொண்டார். வருஷத்தில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு நாள்தான், அதையும் விட மனசில்லை. நீங்கள் சொன்னபடி கைப்பையில் பணமும் எடுத்து வைத்திருந்தேன். அதே கூடம், அதே மங்கல் விளக்கு, வரிசையாக மடக்கு மேஜைகள். இந்த முறை கூட்டம் கம்மி. பழைய நாணயம் விற்கிறவர் ரொக்கம் கொடுத்தால் விலையைக் குறைக்கிறார். தபால்தலை விற்கும் அம்மாள் ரொக்கத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறார், சில்லறைக்கு நான் எங்கே போவேன் என்கிறார். தகர டப்பா விற்கும் தம்பதி இருக்கிறார்களே, அவர்கள் சண்டை இன்னும் ஓயவில்லை. அவர் காதோடு ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறார், அந்த அம்மா அட்டையை நீட்டி இதை ஸ்கேன் பண்ணுங்கள் என்கிறார். பணம் யார் கணக்குக்குப் போகிறது என்பதுதான் தகராறு. நான் ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஊர் வம்பு நமக்கெதற்கு?

என் பூட்டுச் சேகரிப்புக்காக நான் தேடிப் போனது பூட்டுக்காரரைத்தான். உங்களுக்கும் தெரியுமே, தடிக் கண்ணாடி போட்டு, கழுத்தில் சாவிக்கொத்து மாட்டியிருப்பாரே, அவர். இந்த முறை ஒரு பித்தளைப் பெட்டிப் பூட்டு வைத்திருந்தார், உள்ளங்கைக்குள் அடங்கும். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் வாய் திறக்கும். பேரம் பேசி முடித்த பிறகு வழக்கம்போலக் கேட்டார், ரொக்கமா போனிலா என்று. ரொக்கம் என்றால் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றார்.

அங்கே நின்று யோசித்தேன். கையில் பணம் இருக்கிறது, குறைத்துத் தருகிறேன் என்கிறார், நீங்களும் அதையே சொல்லியிருக்கிறீர்கள். ஆனாலும் போனைத்தான் எடுத்தேன். உங்கள் பேச்சை மீற வேண்டும் என்றில்லை. உங்களிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். சிரித்தாலும் அறையில் மற்றவர்களிடம் சொல்லாதீர்கள்.

போனில் பணம் அனுப்பும்போது தொகைக்குக் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு சின்னக் கட்டம் வரும். நீங்கள் போன புதிதில் நம் கூட்டுக் கணக்கைத் தொடங்கியபோது பேங்கில் இருந்த பெண், நீங்க கட்டுற ஒவ்வொண்ணும் அவருக்கு மெசேஜாப் போகும் என்றாள். அந்தக் கட்டத்தில் எழுதுவதும் சேர்ந்து உங்களுக்கு வரும் என்று நான் நினைத்துக்கொண்டேன். முதல் தடவை மருந்துக்கடையில் கட்டும்போது ‘பல் வலி தாங்கவில்லை’ என்று போட்டேன். மறுநாளே நீங்கள் கூப்பிட்டு, பல் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். அப்புறம் எனக்கு என்ன சந்தேகம் வரும்? மாமா உங்களிடம் சொல்லியிருப்பார் என்பது இப்போதுதான் புரிகிறது.

நேராக மெசேஜ் அனுப்ப என்ன என்று கேட்பீர்கள். என் போன் பாதி நேரம் மாமா கையில்தான். பூதக்கண்ணாடி வைத்து ஒன்று விடாமல் படிக்கிறார். இந்தப் பணம் கட்டும் இடம் ஒன்றுக்குத்தான் ரகசிய எண் உண்டு, அதற்குள் மட்டும் அவரால் நுழைய முடியாது. அது மட்டுமில்லை. மெசேஜ் அனுப்பினால் பதில் வருமா என்று பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். இது அப்படியில்லை. நீங்கள் வீட்டில் இருந்தபோது நான் அடுப்பைப் பார்த்தபடி ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேனே, நீங்களும் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருப்பீர்களே, அந்த மாதிரி.

அப்படித்தான் நாலு வருஷமாக எழுதினேன். காய்கறிக் கடையில், மருந்துக் கடையில், கண்காட்சியில். இரவெல்லாம் மாமாவுக்கு இருமல். வீட்டுக்காரர் வாடகை ஏற்றிவிட்டார். உங்கள் நீலச் சட்டையை எடுத்து மறுபடி மடித்து வைத்தேன். இன்றைக்கு எனக்குச் சமைக்கவே பிடிக்கவில்லை. போன வருஷக் கண்காட்சியில், உங்கள் ஒப்பந்தம் முடியும் சமயம், இதே பூட்டுக்காரரிடம் ஒரு பழைய இரும்புப் பூட்டு வாங்கிவிட்டு எழுதினேன்: ‘கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க.’

பத்து நாள் கழித்து நீங்கள் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டேன், இன்னும் ஒரு வருஷம்தான் என்றீர்கள். சந்தோஷமாகத்தான் சொன்னீர்கள். நான் அவ்வளவு எழுதியதைப் படித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போட்டுவிட்டீர்களே என்று எனக்கு மனசு விட்டுப்போயிற்று. அன்றையிலிருந்துதான் நான் மொட்டையாகப் பேசுவது.

இந்த முறையும் அதே கூடத்தில், அதே மேஜைக்கு முன்னால் நின்று, அதே வார்த்தைகளைத்தான் அடித்தேன். கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று. பணம் போனது. பூட்டுக்காரரின் போன் மேஜை மேல் சத்தம் போட்டது. அவர் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “இனிமே கையெழுத்துப் போட எங்கிட்ட எதுவுமே இல்லையேம்மா, போன வருஷம் நீங்க சொன்னதையே கேட்டுட்டேனே” என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவரே போனைத் திருப்பிக் காட்டினார். அவருக்குக் கட்டும்போதெல்லாம் நான் எழுதியது அத்தனையும் அவர் போனில் வரிசையாக இருந்தது. பணம் வாங்குகிறவருக்குத்தான் அந்தக் குறிப்பு போகுமாம். கணக்கில் இருக்கும் மற்றவருக்குத் தொகையும் கடை பெயரும் மட்டும்தானாம். மருந்துக்கடைக்காரர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்காமலே மாத்திரை கொடுத்தது உங்கள் நீலச் சட்டையால்தான். காய்கறிக்காரர் திடீர் திடீரென்று, அவர் வந்துடுவாருக்கா, கவலைப்படாதீங்க என்று ஒரு பிடி கீரையைச் சேர்த்துப் போட்டதும் அதனால்தான். தெரு முழுக்க என் மனசு தெரியும், உங்களைத் தவிர. அதையெல்லாம் அழித்துவிடுங்கள் என்று பூட்டுக்காரரிடம் கெஞ்சினேன். இது அழியாதும்மா என்று பாவமாகச் சொன்னார்.

அவர் கதையைக் கேளுங்கள். கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தாராம், வீடு அங்கிருந்து பஸ்ஸில் வெகு தூரம். வீட்டில் மனைவி முட்டி வலியோடு தனியாக. போன வருஷம் கடை வாடகைப் பத்திரத்தைப் புதுப்பிக்கச் சொல்லி இடத்துக்காரர் கொடுத்திருக்கிறார். போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டே கண்காட்சிக்கு வந்திருக்கிறார். அந்த நேரத்தில் என் குறிப்பு போயிருக்கிறது. இந்தம்மாவுக்கு யார் சொன்னது என்று திகைத்துப்போய், வீட்டுக்குப் போய் மனைவியிடம் காட்டியிருக்கிறார். அந்தம்மா, யாரோ என் வாயைத் திறந்து பேசின மாதிரி இருக்கே என்றாராம். இவர் கையெழுத்துப் போடவில்லை. வீட்டு முன்னறையிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துவிட்டார். வருமானம் பாதிதாம்மா, ஆனா வீட்டுக்கே வந்துட்டேன் என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் தன் நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, வருகிறவர்களிடம் அப்புறம் வாங்க என்று சொல்லிக்கொண்டு நின்றார். யாரோ ஒருவர், நான் எழுதிய இரண்டு வரிக்குக் கட்டுப்பட்டு மனைவியிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். நீங்கள் என் பேச்சைக் கேட்காமல் போகவில்லை, உங்களுக்கு அது வரவே இல்லை. ஒரு வருஷம் உங்கள் மேல் வீணாகக் கோபப்பட்டேன். அது போகட்டும், உங்கள் மேல் கோபமில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அப்புறம் ஒரு கடையிலும் எதுவும் வாங்கவில்லை. கொண்டுபோன பணம் அப்படியே இருக்கிறது.

இனி மாமாவைப் பற்றி. போனில் அவர் கல்லு மாதிரி இருக்கேன்டா என்று சொல்வதெல்லாம் உங்களுக்காக. எழுந்து உட்காரக் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கஞ்சி பாதி கிண்ணம்கூட இறங்குவதில்லை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும் என்றார். உங்களிடம் சொல்லக் கூடாது, அவன் சம்பாதிக்கிற நேரம் என்று மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். முன்பெல்லாம் நாலு நாளைக்கு ஒரு தடவை முகச்சவரம் செய்துகொள்வார். இப்போது தினமும் காலையில் செய்துவிடச் சொல்கிறார். யார் வரப்போகிறார்கள் மாமா என்று கேட்டால், சும்மாதான் என்று வாசல் பக்கம் பார்க்கிறார். எனக்குக் கை ஓய்ந்துபோகிறது. நானும் மனுஷிதானே. காலையில் அவருக்கு, பகலெல்லாம் கடையில், ராத்திரி மறுபடி அவருக்கு. அலுப்பாக இருக்கிறது, இதைவிடப் பொருத்தமான வார்த்தை கிடைக்கவில்லை.

இந்த மாதக் கடைசியில் உங்கள் முன்னால் மறுபடியும் அந்தத் தாளை வைப்பார்கள். கையெழுத்துப் போடாதீங்க. வந்துடுங்க. இந்த முறை நீங்கள்தான் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் போட்டுவிட்டீர்கள் என்றால், படித்துவிட்டுத்தான் போட்டீர்கள் என்றும் தெரிந்துவிடும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் கடிதம் எழுத வேண்டாம். ஸ்பீக்கர் போனில் எதுவும் சொல்லவும் வேண்டாம், மாமா காதில் விழுந்து நடக்காமல் போனால் அவர் தாங்க மாட்டார். ஒன்று மட்டும் செய்யுங்கள். எப்போதும் டிக்கெட்டுக்கு ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுப்பீர்கள். இந்த ஒரு தடவை ரொக்கம் வேண்டாம், நம் கணக்கிலிருந்தே கட்டுங்கள். எனக்கு மெசேஜ் வரும். தொகையும், டிக்கெட் ஆபீஸ் பெயரும் மட்டும்தான் வரும்.

அது போதும். குறிப்பு எதுவும் எழுத வேண்டாம்.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி