வெற்றுப் படங்களுக்குப் பச்சை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மேஸ்திரி கூப்பிட்டார். குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர், அவருக்கும் தெரியும். மற்ற மென்பொருள்கள் படம் வரைய எடுத்துக்கொள்ளும் லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, எங்களுடையது. இனி நான் அதில் கோடும் வட்டமும் வரைகிற நிரல் எழுத வேண்டாமாம். சோதனைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "சும்மா ஒழுங்குபண்ணிக் குடுங்க. எல்லாம் பச்சையாத்தான் இருக்கு." பச்சை என்றால் தேறியது. எல்லாம் தேறியிருந்தால் என்னை எதற்கு அங்கே தள்ளுகிறார்? முகம் சுண்டியதைக் காட்டிக்கொள்ளாமல் சரி என்றேன்.

மார்ச் 6, வியாழன்

சோதனை என்பது இவ்வளவுதான்: லைப்ரரி ஒரு படம் வரையும்; அதைச் சேமித்து வைத்த மாதிரிப் படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடும். இன்று மாதிரிகளைத் திறந்து கண்ணால் பார்த்தேன். விட்டு விட்டு வரும் கோட்டுக்கான படங்களில் பல வெறும் வெள்ளை. லைப்ரரியும் ஒன்றும் வரையவில்லை. இரண்டும் ஒன்று — ஆகவே பச்சை. லைப்ரரி வரைந்ததையே மாதிரி என்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரர் துணி மடித்துக்கொண்டே கேட்டார்: "வெள்ளைத் தாளுக்கு முழு மார்க் போட்ட வாத்தியார் யாரு?" சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

கோடு எங்கே விழ வேண்டும் என்று நானே கணக்குப் போட்டு மாதிரிகள் செய்தேன். ஓடவிட்டால் திரை முழுக்கச் சிவப்பு. கோட்டின் தொடக்கம் படத்துக்கு வெளியே இருந்தால் முழுக் கோடும் காணாமல் போகிறது.

அந்தக் கோட்டுக்கான நிரலை எழுதியவர் எதிர் மேசைக்காரர். "என் கோடு வருஷக்கணக்கா ஓடுது. உங்க கணக்குல ஏதோ தப்பு."

மேஸ்திரி: "வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பை வெளியிடறோம். சிவப்பை இப்போதைக்கு ஒதுக்கி வைங்க."

ஒரு வரி எழுதினால் போதும், அந்தச் சோதனைகள் ஓடாது. மாட்டேன் என்றேன்.

மார்ச் 11

வேலை போயிடுமோ? போனா போகட்டும்னு சொல்ற நிலைமையிலயா இருக்கேன்?

மார்ச் 12, புதன்

இந்தப் பதிப்பைப் புதிதாக வாங்கப்போகிறவர்கள் நிலத்தடிக் குழாய் வரைபடம் செய்கிற நிறுவனம். தெருவைத் தோண்டுகிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். எரிவாயுக் குழாய்க்கு விட்டு விட்டு வரும் கோடு.

கூட்டத்தில் வாதாடவில்லை. அவர்கள் அனுப்பிய வரைபடத்தைத் திறந்து, எதிர் மேசைக்காரர் பக்கம் மவுஸைத் தள்ளினேன். "பெருசாக்குங்க."

பெரிதாக்கினார். குழாயின் தொடக்கம் திரைக்கு வெளியே போனது. தெரு இருந்தது, வீடுகள் இருந்தன, குழாய் இல்லை. சிறிதாக்கினார், வந்தது. மறுபடி பெரிதாக்கினார்.

"இதைப் பாத்துத்தானா ஒருத்தன் குழி தோண்டப்போறான்?" என்று அவரே கேட்டார்.

பிறகு மேஸ்திரி, "வெள்ளிக்கிழமை வேண்டாம். மேல நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

மார்ச் 21, வெள்ளி

கோடு சரியாகிவிட்டது. திருத்தியவர் எதிர் மேசைக்காரர்தான். என்னோடு பேச்சில்லை. தேநீர் எடுக்கும் இடத்தில் என்னைக் கண்டால் கோப்பையைக் கழுவிக்கொண்டே நிற்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

எதிர் மேசைக்காரர் வளைகோடுகளை மாற்றி எழுதப்போகிறார். நிரலுக்கு முன்னால் ஒரு சோதனை மட்டும் அனுப்பியிருந்தார். மாதிரிப் படம் அவரே கணக்குப் போட்டுச் செய்தது. கீழே ஒரு வரி: "நிரல் இன்னும் எழுதலை, அதனால இது இப்ப சிவப்புதான் வரணும். வருதான்னு பாருங்க."

ஓடவிட்டேன்.

"வந்துடுச்சு" என்றேன், திரைக்கு மேலாக எட்டிப் பார்த்து.

"நல்லது. அப்ப எழுத ஆரம்பிக்கிறேன்" என்றார்.