மடித்து முடியாத வொன்டன்

கொட்டாஞ்சேனை
16.09.1996

அன்புள்ள அத்தானுக்கு,

பிலோமினா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் நெஞ்சுச்சளி குறைந்ததா? மகள் பள்ளிக்கூடம் போகிறாளா?

சனிக்கிழமை, நான் சமைக்கிற வீட்டுக் கொன்ஸ்ரன்ஸ் அன்ரியின் பேத்திக்குப் பிறந்தநாள். விருந்துக்கு வொன்டன் செய்யச் சொன்னார். அரைத்த மாட்டிறைச்சியை மெல்லிய மாத்தகட்டில் வைத்து, முட்டை வெள்ளை தடவி மடித்துப் பொரிக்கிற சீனப் பலகாரம். பாதி மடித்திருப்பேன், பொலிஸ் செக்கிங் வந்துவிட்டது. அடையாள அட்டையில் மன்னார் என்று கண்டதும் சந்தேகப்பட்டு என்னைப் பொலிசுக்குக் கூட்டிப் போனார்கள். பயப்பட வேண்டாம், ஒருவரும் அடிக்கவில்லை. விரலில் காய்ந்த மாவைச் சுரண்டிக்கொண்டு பின்னேரம்வரை அங்கே வாங்குப் பலகையில் இருந்தேன்.

அன்ரிதான் விருந்துச் சேலையோடு வந்து, “இவள் எங்கட வீட்டுப் பிள்ளை” என்று சிங்களத்தில் வாதாடி, கையெழுத்து வைத்து மீட்டார். வீட்டுக்கு வந்ததும், “முகத்தைக் கழுவிப்போட்டு மிச்சத்தையும் மடி பிள்ளை, சனம் பாத்துக்கொண்டிருக்குது” என்றார். மடித்தேன், பொரித்தேன். எல்லாரும் நல்ல ருசி என்றார்கள்.

இனிச் செக்கிங் வந்தால் காட்ட, நான் இன்னார் என்று ஊர் விதானையாரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள். அதோடு மகளின் பழைய சட்டை ஒன்றும் வையுங்கள், சூட்டுச் சட்டி பிடிக்க வேண்டும். தோய்க்காவிட்டாலும் பரவாயில்லை.

அன்ரி கூப்பிடுகிறார்.

உங்கள்
பிலோமினா