அப்பா சொல்லாத மன்னிப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஜூன் 14, ஞாயிறு.

அன்பு மகன் பென்சனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே உடம்புக்குக் குறைவில்லை. சிங்கப்பூரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். இவாஞ்சலினும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசவில்லை. ஆனால் ஒரு கூடை சப்பட்டை மாம்பழத்தை ஒற்றை ஆளாகக் காலி செய்தார், பிழைத்துக்கொள்வார். உன் தங்கை முகத்தில் தெளிச்சி இருக்கிறது, அது போதும் எனக்கு. மேற்கே மலையில் மழை பிடித்திருக்கிறது. நமக்கு வழக்கம்போல வெறும் காற்றும் புழுதியும்தான். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. நீ வாங்கிக் கொடுத்த தைலத்தைத் தடவினால் வலி போகவில்லை, வாசனை மட்டும் ஊரைத் தூக்குகிறது.

இனி எழுத வந்ததை எழுதுகிறேன். நீ எனக்குச் செய்தது துரோகம். இந்தச் சொல்லை ஒரு தடவை எழுதி, பெற்ற பிள்ளையை இப்படி எழுதலாமா என்று அடித்துவிட்டு, மறுபடியும் அதையேதான் எழுதியிருக்கிறேன்.

ரிசப்ஷன் அன்று ராஜபாளையம் மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும். அது எனக்கு எப்படி இருந்தது என்று தெரியாது. கேக் வெட்டி முடித்ததும் விளக்கை அணைத்தார்கள். கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர்காரரைக் கூப்பிடுங்கள் என்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மேடைத் திரையில் அப்பா வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மண்ணில் வைத்த மனிதர், கோட்டு போட்டுக்கொண்டு, கண்ணைச் சிமிட்டி, "என் அன்பு மகள் இவாஞ்சலின்" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் யாரோ, இது ஏஐ, கம்ப்யூட்டரில் செய்தது என்று சொன்ன பிறகும் உட்காரத் தோன்றவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். எங்கள் கல்யாணத்துக்கே வேட்டி சட்டையில் வந்தவருக்குக் கோட்டு எதற்கு, கடைசி ஆறு வருஷம் இருமாமல் ஒரு வாக்கியம் பேசி முடிக்காதவருக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் தோன்றியது. போகட்டும், பிள்ளை ஆசைப்பட்டுச் செய்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்தத் திரையில் இருந்தவர் சொன்னார்: "தம்பி பரிபூரணம், அன்று மில்லில் நடந்ததில் என் தவறும் உண்டு. உன்னை நான் என்றோ மன்னித்துவிட்டேன்."

மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சினார்கள். போதகர் கைதட்டினார். உன் சித்தப்பா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, அண்ணன் என்னைய மன்னிச்சிட்டாவ, கேட்டியளா மதினி" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். நானூறு பேர் பார்க்கிறார்கள். மகளுடைய கல்யாணம். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், நீயே சொல். நான் தலையாட்டியதையும் வீடியோக்காரர் பிடித்து வைத்திருக்கிறார்.

மில்லில் நடந்ததை நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதே அரைகுறையாகக் கேட்டிருப்பாய். ஒரு தடவை எழுத்தில் இருக்கட்டும். அப்பா ஷிப்ட் மேஸ்திரி, சித்தப்பா அவருக்கு மேலே சூப்பர்வைசர். பஞ்சு சீவும் கார்டிங் மிஷினின் பாதுகாப்பு மூடி சரியாக உட்காரவில்லை, நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும் என்றார் அப்பா. உற்பத்தி குறையும், மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள் என்றார் சித்தப்பா. அப்பா மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வந்த பிறகு யாரையோ வைத்துக் கழற்றியிருக்கிறார்கள். அடுத்த ஷிப்டில் அந்த மிஷினுக்குப் போன சமுத்திரத்துக்கு மூன்று விரல் போயிற்று. விசாரணையில் உன் சித்தப்பா, கழற்றச் சொன்னது எங்கள் அண்ணன்தான் என்று கையெழுத்துப் போட்டுச் சாட்சி சொன்னார். அப்பா வேலை போயிற்று. சாகும்வரை சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் நின்றார். சோழபுரத்துக்குப் போய்ச் சமுத்திரத்தின் வீட்டு வாசலில் நின்று, நான் சொல்லவில்லையப்பா என்று அழுதார். சமுத்திரம் நம்பினார். பதினைந்து வருஷமாக நம்பினார்.

பகையை நானா வளர்த்தேன்? சித்தப்பா வீட்டுப் படியேறிப் பத்திரிகை வைத்தவள் நான். அண்ணன் தம்பி குடும்பம் இரண்டும் சேர்ந்து நின்றால்தான் எங்களுக்கு மரியாதை என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, நிற்கட்டும் என்றவளும் நான்தான். என்னால் கொடுக்க முடிந்ததை நான் கொடுத்தேன். அப்பாவின் மன்னிப்பு என்னிடம் இல்லை, உன்னிடமும் இல்லை. அது அவரோடு போய்விட்டது.

அவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்பது என் பழைய போனில் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், ரெக்கார்டரைப் போடு ஞானம், பென்சனுக்கு விமானம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சொல்லி அவர் பேசிய பதினோரு நிமிஷம். அடக்கத்துக்கு நீ வந்தபோது வீடு நிறைய ஆள், சித்தப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். போட்டுக்காட்ட மனம் வரவில்லை. பிறகு நீயும் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்து வந்து நான் மட்டும் கேட்பேன். எனக்கு மனப்பாடம். "ஏலே பென்சன், ஒங்க சித்தப்பன எனக்கு மன்னிக்க முடியலலே. ஆண்டவர்ட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வரமாட்டேங்குது. சாவப்போற நேரத்துல பொய் சொல்லக்கூடாதுல்லா. மூடியக் கழத்தச் சொன்னது நான் இல்ல. சமுத்திரத்துக்கு இத ஒருநாள் போட்டுக் காமி." நடுவில் இருமல், தண்ணீர் கேட்கிறார், நர்ஸ் திட்டுகிறாள், அதற்கு அவர் சிரிக்கிறார்.

கல்யாணத்துக்கு நீ வந்ததும் உன்னிடம் போனைக் கொடுத்து, இது அழிந்துவிடாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவை என்று சொன்னேன். நீ புதுப் போன் வாங்கித் தந்தாய். எல்லாம் இதில் வந்துவிட்டது என்றாய். பழையதைக் கடையில் கொடுத்து மாற்றிவிட்டாய். போட்டோ எல்லாம் வந்திருக்கிறது, யாரோ அனுப்பிய காலை வணக்கப் பூக்கள்கூட வந்திருக்கின்றன. அந்தப் பதினோரு நிமிஷத்தைக் காணோம். போன ஞாயிறு முழுக்கத் தேடினேன். நீ நாலு தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டிருப்பேன்.

சமுத்திரம் ரிசப்ஷனில் சாப்பிடாமல் போய்விட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தார். சித்தப்பா அந்த வீடியோவைச் சபை குரூப்பில் போட்டிருக்கிறாராம், அதைக் காட்டினார். "யக்கா, என் தப்பும் உண்டுன்னு அண்ணாச்சி சொல்லுதாவளே. அப்ப எங்க வாசல்ல நின்னு அழுதது நடிப்பா?" என்று கேட்டார். அது அவர் இல்லை, பென்சன் கம்ப்யூட்டரில் செய்தது என்று சொன்னேன். "ஒண்ணும் இல்லாமலா பெத்த மகன் அப்படிச் செய்வான்" என்றார். அப்பா பேசியதை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினேன். முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுதிய. அவிய வாயால சொன்னத நான் பாத்தேன்லாக்கா" என்று சொல்லிவிட்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளின் பேச்சைவிட நீ செய்த படத்துக்கு மதிப்பு அதிகம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் ஒன்றும் புதுசைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டு இருளப்பசாமி கத்தரி இலையைப் படம் பிடித்துப் போனிடம் நோய் கேட்கிறார், அது சொல்லும் மருந்து பலிக்கிறது. நல்லதுதான். இலைக்கு என்ன நோய் என்று கேட்டால் இருக்கிற நோயைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே.

இருந்தாலும் ஒரு நப்பாசை எனக்கு. நீ அந்தப் பதிவை முழுதாகக் கேட்டிருக்க மாட்டாய். குரலுக்காகக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, தங்கை கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று தெரியாத்தனமாக எழுதிவிட்டாய். அப்படித்தான் இருக்கும். நாளைக்கு ராஜபாளையம் போய் உனக்கு அந்தப் படத்தைச் செய்து கொடுத்த ஸ்டுடியோக்காரரைக் கேட்டுவிட்டு இந்தக் கடிதத்தை முடிக்கிறேன்.

புதன்கிழமை.

திங்கட்கிழமையே போய் வந்துவிட்டேன். இரண்டு நாளாகப் பேனாவை எடுக்க முடியவில்லை.

பஞ்சு மார்க்கெட் பக்கம் மாடியில் இருக்கிறது ஸ்டுடியோ. அதை நடத்தும் ஆல்வின் நல்ல பையன்தான், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தப்பாக எதுவும் செய்யவில்லையே என்று அவருக்குப் பயம். "இப்ப இதுக்கெல்லாம் ரூல்ஸ் வந்திருக்கும்மா, ஏஐ-ல செஞ்சதுன்னு படத்துலயே போடணும். நான் போட்டுத்தான் குடுத்தேன். பென்சன் அண்ணந்தான் அத எடுத்துரச் சொன்னாவ, பாக்கிறவியளுக்கு மனசு ஒட்டாதுன்னு" என்றார். பின்னால் வில்லங்கம் வரக்கூடாது என்று அவராகவே ஒரு ஃபாரம் வைத்திருக்கிறார். இறந்தவரின் முகத்தையும் குரலையும் பயன்படுத்த மனைவியின் சம்மதம். கீழே என் கையெழுத்து.

என் கையெழுத்துத்தான். மண்டபத்துக் காகிதம், சமையல் காகிதம் என்று நீ நீட்டியவற்றில் அதுவும் இருந்திருக்கிறது. இருபத்தாறு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். ஒரு மூட்டை பருப்புக்குக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. நீ நீட்டினாய் என்பதற்காகப் போட்டேன். சட்டம் போட்டவர்கள் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். மகன் அம்மாவிடம் நீட்டும் காகிதத்துக்கு அவர்கள் எப்படிக் காவல் இருப்பார்கள்?

நீ அனுப்பிய குரல் அப்படியே இருக்கிறதா என்று கேட்டேன். போட்டுக் காட்டினார். நாற்பது நொடி. இருமல் இல்லை, நர்ஸ் இல்லை, சித்தப்பா பெயர் இல்லை. மீதி எங்கே என்றதற்கு, "கோவமா பேசுத எடத்தையும் இருமுத எடத்தையும் வெட்டிட்டுத்தாம்மா அண்ணன் அனுப்புனாவ. இம்புட்டு போதும், மத்தத மிஷின் பாத்துக்கிடும்" என்றார்.

கோபமாகப் பேசுகிற இடம் எது என்று தெரிய வேண்டுமானால் முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். ஆக நீ கேட்டிருக்கிறாய். ஏலே பென்சன் என்று அவர் கூப்பிட்டது உன் காதில் விழுந்திருக்கிறது. சமுத்திரத்துக்குப் போட்டுக் காட்டச் சொன்னதும் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகும் உட்கார்ந்து, அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, என் தவறும் உண்டு என்று உன் கையால் எழுதியிருக்கிறாய். உன் சித்தப்பா அப்பாவுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னார். நீ அப்பாவையே தனக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்துவிட்டாய். சித்தப்பா செய்ததை அப்பாவால் மறுக்கவாவது முடிந்தது.

சமாதானத்துக்காகச் செய்தேன் என்பாய். இவாஞ்சலினும் அதையேதான் சொல்லி அழுகிறாள், அவளுக்கு அந்தப் படம் பிடித்திருக்கிறது, அவளைக் குறை சொல்ல மாட்டேன். சமாதானம் யாருக்குக் கிடைத்தது என்று பார். சித்தப்பா நிம்மதியாகத் தூங்குகிறார். சமுத்திரத்துக்கு இருந்த ஒரு நம்பிக்கையும் போயிற்று.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பதினோரு நிமிஷம் உன் கம்ப்யூட்டரில் எங்கேயாவது இருந்தால், வெட்டாமல், இருமலோடு அனுப்பு. அதை எடுத்துக்கொண்டு நானே சோழபுரம் போகிறேன். அழித்துவிட்டாய் என்றால், அழித்துவிட்டேன் என்று சொல்லிவிடு. அப்புறம் சமுத்திரத்திடம் நீயே பேசு, நான் செய்தது பொய் என்று உன் வாயால் சொல். அவர் நம்புவாரா தெரியாது. சொல்ல வேண்டியது உன் கடமை.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிர்சாதன அறையிலேயே கிடக்காதே, அப்பாவின் நெஞ்சு உனக்கும் இருக்கிறது. ஜெபத்தில் உன் பெயரை ஒருநாளும் விட்டதில்லை, இனியும் விடமாட்டேன். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நீ இன்றைக்கு நன்றாகத் தூங்குவாய். எழுத முடியவில்லை, மகனே. நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது வருகிற அன்றைக்கு நானே உன்னிடம் சொல்வேன். அதற்குள் என் காலம் முடிந்துவிட்டால், அம்மா சொல்லாமலே போய்விட்டாள் என்று இருக்கட்டும். என்னைச் சொல்ல வைத்துவிடாதே.

உன் அம்மா,
ஞானபாக்கியம் தேவஇரக்கம்